திட்டு வாங்கிக் கட்டிய தொட்டி

தன்னைத் திட்டிச் செய்தி போடச் சொல்லி ஒரு நிருபரிடம் அரசாங்க அதிகாரியே கெஞ்சியது எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். கெஞ்சினாள் என்று எழுதியதைப் பார்த்தால் சிவரஞ்சனி சண்டைக்கு வருவாள். அவள் கெஞ்சுகிற ரகமில்லை. ராஜபாளையத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபடி, ஸ்ரீவில்லிபுத்தூர் டிவி நிருபர் மாரிசெல்வத்துக்குப் போன் போட்டு, "அண்ணே, என்னையத் திட்டி ஒரு நியூஸ் போடணும். நல்லா காரமாப் போடுங்க" என்றாள். பரோட்டாக் கடையில் இன்னும் கொஞ்சம் சால்னா கேட்கிற தோரணைதான்.

மாரிசெல்வம் அப்போது ஆடிப்பூரத் தேர் வேலையில் தலைகால் தெரியாமல் அலைந்துகொண்டிருந்தான். "வேற யார் மேலயாவது கோவம்னா சொல்லுங்க மேடம், அவியளத் திட்டிருவோம். ஒங்கள எதுக்கு?" என்றான்.

"புளியடிப்பட்டி டேங்குக்குப் பொறுப்பு யாரு? நாந்தான? அப்ப என்னையத்தான் திட்டணும். அதிகாரிகள் அலட்சியம்னு கொட்டை எழுத்துல போடுங்க. ஆனா நாஞ்சொல்லி வந்ததா மட்டும் வெளிய மூச்சு விடக் கூடாது."

சிவரஞ்சனி ஒன்றிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளர். ரோடு, பாலம், பள்ளிக்கூடக் கழிப்பறை, குடிதண்ணீர் டேங்கு எல்லாம் அவள் தலையில். சேத்தூரைத் தாண்டி உள்ளே போனால் வரும் புளியடிப்பட்டியும் அவள் பொறுப்பில் இருந்த ஊர். அந்த ஊரின் டேங்கு அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் கட்டியது. நான்கு தூணிலும் சிமெண்ட் உரிந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. அதன் நிழலிலேயே அங்கன்வாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் மேலேயிருந்து ஒரு சிமெண்ட் கட்டி விழுந்தது. தேங்காய் அளவு இருந்தது. ஞாயிறு என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, தரையில்தான் குழி விழுந்தது.

அன்றைக்கே அவள் டேங்கில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏற்றக் கூடாது என்று உத்தரவு போட்டாள். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எஸ்டிமேட் எழுதி அனுப்பினாள். 'நிதி இருப்பைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்' என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள், அதே வரி. போட்டோ எடுத்து இணைத்து அனுப்பினாள். போட்டோவைக் கழற்றி வைத்துக்கொண்டு அதே வரியை எழுதி அனுப்பினார்கள். அரசாங்கத்துக்கு அந்த ஒரு வரி மனப்பாடம்.

அதே மாதம் பக்கத்து ஊரில் ஒரு கூத்து நடந்தது. அங்கே பஸ் ஸ்டாப் கூரை ஒழுகியது. அதற்குள் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் படம் பேப்பரில் வந்தது. மாவட்டத் தலைமை அலுவலகத்தில் காலையில் முதல் வேலையே, வந்த செய்திகளை வெட்டி ஒட்டி, 'என்ன நடவடிக்கை?' என்று அந்தந்த அலுவலகத்துக்கு அனுப்புவதுதான். அனுப்பினார்கள். அலுவலகம் அலறியடித்துக்கொண்டு ஓடியது. மாதம் முடிவதற்குள் பஸ் ஸ்டாப்புக்குப் புதுக் கூரை வந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் 'செய்தி எதிரொலி' என்று கட்டம் கட்டிப் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கட்டத்தை சிவரஞ்சனி இரண்டு முறை படித்தாள். அரசாங்கத்துக்குக் கண் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிடிபட்டது. ஃபைலைத் தூர வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"வாரேன் மேடம்" என்றான் மாரிசெல்வம். "ஆனா ஒண்ணு. நான் திட்டுனா அது செய்தி இல்ல. ஜனங்க திட்டணும்."

"புளியடிப்பட்டியில திட்டுறதுக்கு ஆளா இல்ல? சுடலைமாடத்தின்னு ஒரு பெரியம்மா இருக்காவ. அவிய வாயத் தொறந்தா ஒங்க மைக்கு தாங்காது."

அவள் சொன்னதில் பொய்யில்லை. சுடலைமாடத்தி வாயைத் திறந்தால் அந்தத் தெருவில் நாய்கூடக் குரைக்காது. ஆனால் சிவரஞ்சனி ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வாய் அவளிடம் மட்டும் வேறு மாதிரி. அவள் ஸ்கூட்டர் ஊருக்குள் நுழைந்தாலே, "எந்தாயி வந்துட்டா" என்று கருப்பட்டிக் காபியோடு வந்து நிற்கும். சாப்பிடாமல் கிளம்ப விடாது. சிவரஞ்சனிக்கும் அந்த ஊர் என்றால் ஒரு தனிச் சந்தோஷம். வேறு எந்த ஊரிலும் அவளை 'மேடம்' என்பார்கள். இங்கே அவள் வீட்டுப் பிள்ளை.

மாரிசெல்வம் ஊர் வார்டு மெம்பர் வேல்சாமிக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை டிவியிலிருந்து டேங்கைப் படம் பிடிக்க வருகிறோம், நாலு பேர் இருக்கட்டும் என்று சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த சிவரஞ்சனிக்குப் போன் வந்தது. மாரிசெல்வம்தான்.

"மேடம், செத்த இங்க வாரீயளா?"

"நான் அங்க வரக் கூடாதுன்னுதான பேச்சு?"

"வந்து பாருங்க மேடம். டேங்கு கல்யாண மாப்பிள்ள மாதிரி நிக்கி."

அவள் வண்டியை விரட்டிக்கொண்டு போனாள். ஊர் எல்லையிலிருந்தே கண் கூசியது. டேங்கு வெள்ளை வெளேரென்று நின்றது. மேலே நீலத்தில் பார்டர். சேத்தூரிலிருந்து கொத்தனாரைக் கூட்டிவந்து, கம்பி தெரிந்த இடமெல்லாம் சிமெண்ட் பூசி மெழுகியிருந்தார்கள். தூணுக்குத் தூண் மாவிலைத் தோரணம். கீழே பெரிய கோலம். தொட்டியின் வயிற்றில் 'புளியடிப்பட்டி உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்று எழுதி, ஓரத்தில் ஒரு தாமரையும் வரைந்திருந்தார்கள்.

வேல்சாமி சலவைச் சட்டையில் ஓடிவந்தார். "மேடம், நீங்களும் வந்துட்டீயளா, நல்லதாப் போச்சு. எப்படி இருக்கு பாத்தீயளா? வீட்டுக்கு வீடு வரி போட்டு, நேத்து முழுக்க ஊரே நின்னு பாத்த வேல. ஊரு டிவியில தெரியப் போவுது, அசிங்கமாவா தெரியணும்?"

சிவரஞ்சனிக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அவர் மேல் என்ன தப்பு என்றும் தோன்றியது. விருந்தாளி வருகிறார் என்றால் கூட்டிப் பெருக்கிக் கோலம் போடுகிற ஜனம். நம் வீட்டு ஓட்டையை ஊரார் பார்க்க வைத்துக் காசு கேட்கலாம் என்பது அவர்கள் புத்திக்கு எட்டாது, எட்டினாலும் கூசுவார்கள்.

கேமரா முன்னால் சுடலைமாடத்தி கல்யாணப் பட்டுச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். மாரிசெல்வம், "தண்ணிக்கு என்னம்மா கஷ்டம்? மனசுல உள்ளதச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினான். அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர்களைப் போலவே நிமிர்ந்து நின்று, "எங்கள் ஊரில் குடிநீர் வசதி மிகவும் சிறப்பாக உள்ளது. பொறியாளர் அவர்கள் நல்ல முறையில் பணியாற்றி வருகிறார்" என்றாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். மாரிசெல்வம் சிவரஞ்சனியைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

"இத நான் போடல மேடம்" என்று அவன் ஓரமாக வந்து முணுமுணுத்தான். "தேரு முடியட்டும். பொறவு ஒரு நாள் பாப்போம்."

பிறகு பார்க்கலாம்தான். அதற்குள் அவள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. வேல்சாமி பெருமை தாங்காமல் வெள்ளையடித்த டேங்கின் படங்களை ஒன்றிய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அதற்குக் கீழே அவள் மேலதிகாரி பி.டி.ஓ. ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, 'நன்று. புளியடிப்பட்டி தொட்டி பராமரிப்புப் பணி முடிந்ததாக அறிக்கை தரவும்' என்று அவளுக்குக் கட்டளை போட்டிருந்தார்.

முடிந்தது கதை. அந்த அறிக்கை போனால் ஃபைல் மூடப்படும். மூடிய ஃபைலைத் திறக்க இன்னொரு தலைமுறை ஆகும். துருவேறிய கம்பி மேல் பூசிய சிமெண்ட் ஒரு மழைக்குத் தாங்காது என்பது அவளுக்குத் தெரியும், பி.டி.ஓ.வுக்கும் தெரியும். ஐப்பசி மழை வரும். பூசியது கனத்தோடு பிடுங்கிக்கொண்டு விழும். கீழே பிள்ளைகள் இருப்பார்கள். அங்கன்வாடி வாசலில் டீச்சர் இந்து, டிவிக்காக மை தீட்டிப் பொட்டு வைத்த குழந்தைகளை வரிசையாக நிறுத்தியிருந்தாள். அதில் ஒன்று சிவரஞ்சனியைப் பார்த்துக் கையை ஆட்டியது.

உண்மையைச் சொல்லித் திட்டச் சொன்னால் இந்த ஜனம் சிரித்துவிடும். கேமராவைப் பார்த்தால் செந்தமிழ் பேசும். பிரியப்பட்ட ஆளை இவர்களுக்குத் திட்ட வராது. அப்படியென்றால் அந்தப் பிரியத்தைத்தான் முதலில் உடைக்க வேண்டும். வேறு வழி இருக்கிறதா என்று அவள் செத்த நேரம் யோசித்தாள். இல்லை. "கேமராவ ஆஃப் பண்ணாதீங்க" என்று மாரிசெல்வத்திடம் பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டுக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள்.

"டேங்குதான் பளிச்சுன்னு இருக்கே!" என்று சத்தமாகச் சொன்னாள். "இதுக்குப் போயா நான் மாசக்கணக்கா ஃபைலத் தூக்கிட்டு அலைஞ்சேன்? இனிமே புது டேங்கு கெடையாது. ரிப்பேர் முடிஞ்சிருச்சுன்னு இன்னைக்கே எழுதிக் குடுத்திருதேன்."

ஊர் சிரித்தது. இன்ஜினியரம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தார்கள். வேல்சாமி, "என்ன மேடம் இப்படிச் சொல்லுதீய? இது சும்மா டிவிக்காகப் பூசுனதுதான" என்றார்.

"பெயின்ட் அடிக்கக் காசு இருக்குல்ல? டிவியில மூஞ்சியக் காட்ட வரி போடத் தெரியுதுல்ல? அப்ப டேங்கையும் நீங்களே கட்டிக்கோங்க. அரசாங்கத்துக்கிட்ட எதுக்குக் கையேந்துதீய?"

சிரிப்பு அடங்கியது. ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்து ஒரு குழந்தையை இழுத்து அணைத்தபடி, "மேடம், பிள்ளைய இருக்க இடம். மேல விழுந்துச்சுன்னா?" என்று கேட்டாள்.

"விழட்டும். விழுந்தப்பொறவு பாப்போம்."

இதைச் சொல்ல வேண்டும் என்று சிவரஞ்சனி நினைத்து வரவில்லை. வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி நின்றாள்.

சுடலைமாடத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். செந்தமிழ் எங்கே போனதோ தெரியவில்லை.

"ஏட்டி, என்ன சொன்ன? விழுந்தப்பொறவு பாப்பியா? ஒன் வயித்துல பெறந்த பிள்ள அங்க ஒக்காந்திருந்தா இப்படிச் சொல்லுவியாட்டி? தாயி தாயின்னு ஒனக்கு ஊத்திக் குடுத்த காபியெல்லாம் சாக்கடையில ஊத்தியிருக்கலாம். நாங்க பூசுனோம்னா எங்க மானத்துக்குப் பூசுனோம். ஒன் ஃபைல மூடவா பூசுனோம்? எம்புட்டுத் திமிரு! பளிச்சுன்னு இருக்காம்ல, இந்தா பாரு பளிச்ச!"

நூறு நாள் வேலைக்கு எடுத்துப் போகிற மண்வெட்டி ஒன்று சுவரோரம் சாத்தியிருந்தது. அதைப் பட்டுச் சேலையோடு தூக்கி, அதன் பின்புறத்தால் தூணில் ஓங்கி ஒரு போடு போட்டாள். பூசியது பாளம் பாளமாகக் கழன்று கோலத்தின் மேல் விழுந்தது. அதோடு உள்ளேயிருந்த பழைய சிமெண்டும் சேர்ந்து வந்தது. செக்கச் செவேலென்று துருவேறிய கம்பி வெளியே பல்லைக் காட்டியது. இரண்டாவது போட்டுக்கு மேலேயிருந்து ஒரு கட்டி பொத்தென்று விழ, பிள்ளைகளை வாரிக்கொண்டு இந்து உள்ளே ஓடினாள். அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். வேல்சாமி சலவைச் சட்டையைக் கழற்றி உதறிவிட்டுத் திட்டினார். சிவரஞ்சனியின் சாதி சனம், சம்பளம், படிப்பு எதையும் ஊர் மிச்சம் வைக்கவில்லை. மாரிசெல்வம் மூச்சு விடாமல் படம் பிடித்தான்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது சிவரஞ்சனி அழுதாள். ஜெயித்துவிட்டோம் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தது, அதற்கு அவள் என்ன செய்வாள்.

அன்று சாயங்காலமே செய்தி வந்தது. 'விழுந்த பிறகு பார்ப்போம்: பெண் அதிகாரியின் ஆணவப் பேச்சு.' தேரை விட அது வேகமாக ஓடியது. மில்லில் வேலை பார்க்கும் அவள் கணவன் கௌதம்ராஜுக்கு ஒரே நாளில் அதை நாற்பது பேர் அனுப்பினார்கள். விஷயம் தெரிந்த ஆள் என்பதால் அவன் வாயை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் நடிச்சிருக்க" என்று மட்டும் சொன்னான். "நடிக்கல. அதான் வினையே" என்றாள் சிவரஞ்சனி.

மறுநாள் காலை பி.டி.ஓ. வேர்த்து விறுவிறுத்து அவள் மேஜைக்கே வந்தார். அவர் யார் மேஜைக்கும் வருகிறவர் இல்லை. "அந்த எஸ்டிமேட் எங்கம்மா? மேல இருந்து மூணு தடவ போன் வந்துருச்சு" என்றார். அவள் இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். விலை ஏற்றத்துக்குத் தகுந்தபடி முந்தின நாளே திருத்தி வைத்திருந்தாள். அதுவரை இல்லாத நிதி இரண்டு நாளில் முளைத்தது.

எங்கிருந்து முளைத்தது என்று அவள் விசாரிக்காமல் விடவில்லை. வேறொரு ஊரில் சாக்கடைத் தண்ணீர் ஓட வாறுகால் கட்ட வைத்திருந்ததை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். அந்த ஊருக்கு டிவி போனதில்லை. டேங்கு கிடைத்த சந்தோஷத்தில் அது ஒரு முள்ளாகக் குத்தியது. உங்கள் கண்ணில் பட்டதற்குத்தான் பணம் என்றால் படாதவன் எங்கே போவான் என்று பி.டி.ஓ.விடம் கேட்டாள். அவர் ஃபேனைப் பார்த்தார். சரி, அங்கேயும் போய்த் திட்டு வாங்க வேண்டியதுதான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

அவளுக்கு மெமோ வந்தது. ஒரு வருட ஊதிய உயர்வு போனது. புது டேங்கு பாதி எழும்பியபோது வத்திராயிருப்புப் பக்கம் மாற்றலும் வந்தது. மாரிசெல்வத்துக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்து, "நடந்தது அம்புட்டையும் ஒரு ஸ்டோரியாப் போட்டிருதேன் மேடம். மெமோவும் போயிரும், ஊரும் ஒங்களத் தலையில தூக்கி வச்சு ஆடும்" என்றான்.

"போட்டீயன்னா, அடுத்த ஊருல எவன் என்னைய நம்பித் திட்டுவான்?" என்றாள் சிவரஞ்சனி. "பேசாம இருங்க. அந்த வாறுகாலு ஊருக்கு எப்ப வருவீய, அதச் சொல்லுங்க."

பங்குனியில் டேங்கு திறப்பு விழா நடந்தது. 'செய்தி எதிரொலி' என்று டிவியில் மறுபடி மறுபடி காட்டினார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அவளாகவே வண்டியை எடுத்துக்கொண்டு புளியடிப்பட்டிக்குப் போனாள். பொறுப்பு போனாலும் கட்டியது அவள் எஸ்டிமேட். தூணைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்று இருந்தது. பழைய டேங்கு நின்ற இடம் தரைமட்டமாகி, அங்கன்வாடி முன்னால் வெயில் தாராளமாக விழுந்தது.

குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. சுடலைமாடத்தி குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள்.

"வந்துட்டா, பாத்துட்டுப் போவ. எல்லாம் இவளால நடந்துச்சுன்னு நெனப்பு. ஏட்டி, நான் ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லு. அன்னைக்கு நாங்க டிவியில வச்சு ஒன்ன நாறடிக்கலன்னா இந்த டேங்கு வந்திருக்குமா?"

சிவரஞ்சனி அந்த முகத்தைப் பார்த்தாள். கோபம் அப்படியே இருந்தது. அதில் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை.

"வந்திருக்காது பெரியம்மா" என்றாள்.

"கேட்டீயளா, அவ வாயாலயே ஒத்துக்கிட்டா" என்று சுடலைமாடத்தி மற்ற பெண்களைப் பார்த்துச் சொன்னாள். ஜெயித்த சந்தோஷத்தில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இனிமே எவளும் எவனும் இந்த ஊர ஏமாத்த முடியாது. கேக்க வேண்டியத எப்படிக் கேக்கணும்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். ஒரு தடவை கூப்பிட்டுவிடலாமா என்று சிவரஞ்சனிக்கு வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை.